இரண்டாவது கரண்டி

2006 ஜனவரி 9, திங்கள்

கால் வீங்கியிருக்கிறது. சுடுதண்ணீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நடாலி எட்டிப் பார்த்து, "அம்மா, கொப்பி நனையப் போகுது" என்றாள். நனைந்தால் நனையட்டும். அவள் இங்கே ஜேர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழ் வாசிக்கத் தெரியாது. என் மனுஷன் லோறன்ஸ் தனக்கு வருகிற கடிதங்களையே உடைப்பதில்லை, என் கொப்பியையா திறக்கப் போகிறார்? டோர்ட்மண்டிலேயே மிகவும் பாதுகாப்பான கொப்பி இதுதான்.

இன்று காலை சமையலறை அறிவித்தல் பலகையில் புதுக் கடதாசி ஒன்று. ஆறு மணிக்கே, என்னோடு வேலை செய்கிற ரொஸ்னா அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிசிலி என்கிற என்னைக் கண்டதும், "சிசி, வாசி" என்றாள். பதினான்கு வருடமாக எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. சுவரில் ஒட்டுவது, சம்பளத்தோடு வருவது, வீட்டுச் சொந்தக்காரன் போடுவது எல்லாவற்றையும் அவளுக்கு நான் வாசிப்பேன். எனக்கும் முழுக்க விளங்குவதில்லை. ஆனால் விளங்கின மாதிரி வாசிப்பதில் நான் கெட்டிக்காரி.

இது முழுக்க விளங்கியது. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிற அனைவரும் டொச், அதாவது ஜேர்மன் மொழிச் சோதனையில் சித்தியடைந்த சான்றிதழை ஜூன் மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். பேச்சு மட்டும் போதாது, எழுத்தும் வேண்டும். கொடுக்காதவர்களின் வேலை மீளாய்வு செய்யப்படும். கையெழுத்து: ஃபிறாவ் பேன்கெ, எங்கள் பாஷையில் திருமதி பேன்கெ. மூன்று மாதத்துக்கு முன் வந்த எங்கள் சமையலறைப் பொறுப்பாளர், வயது முப்பத்தொன்று.

"எல்லாருக்குமோ?" என்று ரொஸ்னா கேட்டாள்.

"ஓம், எல்லாருக்கும்."

"டொச்சுக்காரருக்கும் சோதினை இருக்கோ?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அவளும் நானும் பேசுவது டொச்சும் ஆங்கிலமும் கையசைப்பும் கலந்த சமையலறைப் பாஷை. இந்தக் கொப்பியில் அவள் தமிழ்தான் பேசுவாள். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

ஜனவரி 10, செவ்வாய்

ஃபிறாவ் பேன்கெ கெட்டவள் இல்லை. இன்றைக்கே எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கு மறந்துபோகும்.

ஜனவரி 15, ஞாயிறு

பூசையால் வந்து அலுமாரியைத் துப்புரவாக்கப் போய், ஒரு படத்தோடு குந்திவிட்டேன். 1992. சமையலறை வாசலில் நாங்கள் ஆறு பேர். நடுவில் பெரியவர் ஹேர் க்றோல், அப்போதைய தலைமைச் சமையல்காரர், வண்டி வயிற்றுக்கு மேலே ஏப்ரன். எனக்கு முப்பத்துமூன்று வயது, பின்னல் இடுப்புவரை. ரொஸ்னா பக்கத்தில். எங்கள் எல்லோருடைய ஏப்ரனிலும் நிறம் நிறமாய் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்புகள்.

அந்தக் கிளிப்புக் கதையை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. எண்பத்தாறு பேருக்குச் சாப்பாடு. இவருக்குச் சீனி ஆகாது, அவருக்கு உப்பு ஆகாது, இன்னொருவருக்குப் பல் இல்லை. எல்லாவற்றையும் ஹேர் க்றோல் துண்டில் எழுதி வைப்பார், கோழி கிண்டின மாதிரி இருக்கும். டொச்சுக்காரருக்கே வாசிக்க ஏலாது, நாங்கள் எந்த மூலை? இரண்டாம் கிழமை ரொஸ்னா வீட்டிலிருந்து ஒரு பை நிறைய உடுப்புக் கிளிப்புக் கொண்டுவந்தாள். தட்டின் விளிம்பில் சிவப்பென்றால் சீனி இல்லை. பச்சையென்றால் உப்பு இல்லை. மஞ்சளென்றால் மசித்தது. ஹேர் க்றோல் வந்து ஒவ்வொரு கிளிப்பாய்ப் பார்த்தார். அடுத்த நாள் இரண்டு டசின் கிளிப்பு வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார். பதின்மூன்று வருடத்தில் ஒரு தட்டும் மாறிப் போனதில்லை.

முதல் நாள் பத்தரை மணிச் சாப்பாடும் நினைவிருக்கிறது. ரொஸ்னா தான் கொண்டுவந்த சோற்றை எனக்கும் போட்டாள், ஒரே ஒரு கரண்டி. நான் தொடவில்லை. எங்கள் வீட்டில் ஒற்றைக் கரண்டி வைத்து ஒருவருக்கும் சாப்பாடு கொடுப்பதில்லை. நாங்கள் கோபமாயிருக்கிற ஆட்களுக்குத்தான் அப்படி. எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டாக்கி வைக்க வேண்டும், அம்மா அதில் கண்டிப்பு. இதை எந்தப் பாஷையில் சொல்வது? ஒரு விரலைக் காட்டி முகத்தை உர்ரென்று வைத்தேன். இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தேன். ரொஸ்னா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இரண்டாவது கரண்டி போட்டாள். அன்றிலிருந்து சமையலறையில் எல்லோருக்கும் புதன் அவள் சாப்பாடு, வெள்ளி என் சாப்பாடு. இரண்டு கரண்டிக்குக் குறைந்ததே இல்லை.

பிறகு, அவளுடைய மலாய்ப் பாஷையிலும் கப்பலுக்குக் கப்பல்தான், கடைக்குக் கிட்டத்தட்டக் கடைதான் என்று கண்டுபிடித்த நாள். சிங்கப்பூர் மலாய்க்காரி அவள், மன்னார்க்காரி நான், ஏதோ காணாமல்போன சொந்தக்காரரைக் கண்டதுபோல கத்தினோம். ஹேர் க்றோல் யாருக்கோ கை வெட்டுப்பட்டுவிட்டதென்று ஓடிவந்தார்.

போன நவம்பரில் ஃபிறாவ் பேன்கெ கிளிப்புகளை நிறுத்திவிட்டு அச்சடித்த அட்டை கொண்டுவந்தாள். தட்டில் கிடையாய் வைக்கிற சின்ன வெள்ளை அட்டை. கிளிப்புகள் இப்போது கழுவுதொட்டிக்குக் கீழே ஒரு பெட்டியில் கிடக்கின்றன.

பெப்ரவரி 8, புதன்

மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டோம், நானும் ரொஸ்னாவும். லோறன்ஸ், "பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் பால் கரைச்சுத் தரட்டோ?" என்று பகிடி விடுகிறார். முதலில் உங்கள் கடிதங்களை உடையுங்கோ என்றேன்.

திரும்பி வரும்போது ட்ராமில் ரொஸ்னா சிங்கப்பூர்க் கதை சொன்னாள். இத்தனை வருடத்தில் சொல்லாத கதை. 1982-ல், அவளுக்கு இருபத்தைந்து வயது. பெரிய கடை ஒன்றில் காசாளர் வேலை என்று பேப்பரில் விளம்பரம், கீழே ஒரு வரி: சீனமொழி பேசுபவராக இருக்க வேண்டும். மாமியின் பலகாரத் தட்டுக்கடையில் நின்று சீன ஆட்களோடு தினமும் பேசி விற்கிறவள்தானே என்று போயிருக்கிறாள். மனேஜர் மரியாதையாகக் குடிக்கக் குளிர்பானம் கொடுத்தாராம். சரியான மண்டரின், பள்ளிக்கூடத்துச் சீனம், தெரியுமா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றதும் வாசல்வரை வந்து வழியனுப்பினாராம். பிறகு இன்னும் மூன்று இடம். நான்காவது இடத்தில் வேலை பெட்டி சுமப்பது, அதற்கும் மண்டரின். கடைசியில் எலெக்ட்ரோனிக் தொழிற்சாலை.

"அங்க மெஷினுக்குப் பாஷை தேவையில்லை சிசி. அதால எடுத்தவை."

கப்பல் இன்ஜினியர் ஹெல்முட்டைக் கட்டி இங்கே வந்தாள். அவரோடு ஆங்கிலத்திலேயே வாழ்ந்து முடித்துவிட்டாள். அவர் காலமாகி ஏழு வருடம்.

"நான் போற இடமெல்லாம் எனக்கு முதல் ஒரு பாஷை போய்க் கதவில நிக்குது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 3, வெள்ளி

ஃபிறாவ் பேன்கெ கூப்பிட்டாள். பயந்து பயந்து போனேன். தட்டு வரிசைக்கு ஒரு மேற்பார்வையாளர் வைக்கப் போகிறார்களாம். "ஃபிறாவ் லோறன்ஸ், சான்றிதழ் கிடைச்ச உடன அந்த இடம் உங்களுக்குத்தான். உங்களைவிடப் பொருத்தமான ஆள் இல்லை" என்றாள். மேற்பார்வையாளருக்கு உட்கார்ந்து வேலை செய்ய ஒரு கதிரை உண்டு. கதிரை! பதினான்கு வருடமாக இந்தக் கால்கள் கேட்டுக்கொண்டிருப்பது வேறென்ன?

ரொஸ்னாவிடம் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்து, "கதிரைக்கு நான் மெத்தை தைச்சுத் தாறன்" என்றாள்.

மார்ச் 22, புதன்

வகுப்பில் 'என் வார இறுதி' பற்றிக் கட்டுரை. நான் பதினொரு வரி. ரொஸ்னா நான்கு. எல்லா வரியிலும் அவள் சமைக்கிறாள்.

ஏப்ரல் 16, ஞாயிறு, பாஸ்கா

வேலை. பூசை போச்சு. ஆண்டவர் உயிர்த்த நாளில் நான் எண்பத்தாறு முட்டை உரித்தேன்.

ஆனால் நல்ல நாள். றவைப் புடிங், மேலே சிவப்புப் பாகு. பெரிய பானையில் எல்லோருக்கும், சின்னப் பானையில் சீனி போடாதது. ரொஸ்னாதான் இன்று தனிச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நின்றாள். ஹேர் க்றோல் காலத்தில் பாஸ்காவுக்கு ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு எல்லோருக்கும் ஒரு வாய் வைன் கொடுப்பார். அந்த மனுஷனை நினைத்துக்கொண்டு வரிசையால் நடந்தேன். கடைசியில் ஒரு கிண்ணத்தில் ஒற்றைக் கரண்டி புடிங் பரிதாபமாய்க் கிடந்தது. ரொஸ்னா பால் எடுக்கக் குளிரறைக்குப் போயிருந்தாள். பாஸ்காவும் அதுவுமாய் ஒரு கிழவிக்கோ கிழவனுக்கோ ஒற்றைக் கரண்டியா? பெரிய பானையிலிருந்து அள்ளி இன்னொன்று வைத்து, பாகையும் தாராளமாக விட்டேன். கை தன்பாட்டில் செய்தது.

ஏப்ரல் 18, செவ்வாய்

எங்கள் இல்லத்தில் இருக்கிற ஃபிறாவ் லம்பேர்ட் ஆஸ்பத்திரியில். தொண்ணூறு வயது மனுசி. ஞாயிறு பின்னேரம் இரத்தத்தில் சீனி தலைக்கு மேல் ஏறிவிட்டதாம். இன்று காலை வேலைக்குப் போனபோதுதான் தெரியும். போன மாதம்தான் அவவைச் சீனி இல்லாத பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கிண்ணத்தில் பாகு ஒட்டியிருந்ததைத் தாதி கண்டிருக்கிறாள்.

ஃபிறாவ் பேன்கெ எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டாள். ரொஸ்னா, "நான் சின்னப் பானையில இருந்து ஒரு கரண்டிதான் வைச்சனான். பானை முடிஞ்சு போச்சு" என்றாள். தன் டொச்சில் திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல வசனம் உடைந்தது. ஃபிறாவ் பேன்கெ அட்டையை எடுத்து அவள் முன்னால் நீட்டி, "இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். ரொஸ்னா வாசித்தாள். பாதி வாசித்தாள். மற்றப் பாதியில் நின்றுவிட்டாள்.

"பாருங்கோ" என்றாள் ஃபிறாவ் பேன்கெ. கோபமாகக்கூட இல்லை, கவலையாக. "இதாலதான் நான் சான்றிதழ் கேட்கிறன்."

நான் அங்கேதான் நின்றேன். கையில் துணி. கரண்டி வைத்தது நான். பிழை விட்டது ரொஸ்னாவின் நான்கு வரி டொச் இல்லை, என் கை. நான் ஏன் வாய் திறக்கேல்லை? ஒரு நிமிஷம் பிந்திச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த நிமிஷம். பிறகு எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

சிவப்புக் கிளிப்பு இருந்திருந்தால் என் கை நின்றிருக்கும். அட்டை கிண்ணத்துக்குக் கீழே கிடந்தது. வாசிக்கத் தெரிந்த நான் குனிந்து பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 20, வியாழன்

ரொஸ்னா ஒரு கடதாசியோடு உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தாள். "சிசி, வாசி. ஃபிறாவ் பேன்கெ கையெழுத்துக் கேட்கிறா."

மூன்று பந்தி. முதலாவதில் திகதி, தட்டு இலக்கம். வாசித்தேன். இரண்டாவதில், அன்றைக்குத் தனிச் சாப்பாட்டுக்கு நின்றது தானே என்பது. அதையும் வாசித்தேன். மூன்றாவதில் இருந்தது: மொழி போதாமையால் அட்டையை விளங்கிக்கொள்ளவில்லை என்றும், தவறு தன்னுடையது என்றும் ஏற்றுக்கொள்கிறேன்.

அதை நான் வாசிக்கவில்லை.

"வழமையான கடதாசிதான், கையெழுத்தை வை" என்றேன். அவள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். முடித்துவிட்டு, "வடிவா இருக்கோ?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 21, வெள்ளி

என் சாப்பாட்டு நாள். மீன்குழம்பு வைத்துக் கொண்டுபோனேன். அவளுக்கு மூன்று கரண்டி போட்டேன். "இண்டைக்கென்ன, உனக்குப் பிறந்தநாளோ?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஃபிறாவ் லம்பேர்ட் சுகமாகித் திரும்பி வந்துவிட்டா. கடவுளே, அதற்காவது நன்றி.

லோறன்ஸிடம் சொல்லிவிட்டேன். மனுஷன் ரீவியை நிறுத்திவிட்டுக் கேட்டார், அதுவே பெரிய விஷயம். "விசரே உனக்கு? இப்ப போய்ச் சொன்னா ரெண்டு பேற்ற வேலையும் போகும். அவவுக்குச் சும்மா ஒரு எச்சரிக்கைக் கடிதந்தானே வரும். பேசாமல் இரு. ஜூனுக்குப் பிறகு நீ மேற்பார்வை, பிறகு அவவை நீ பார்த்துக்கொள்ளலாம்."

நியாயம் போலத்தான் இருக்கிறது. நியாயம் போல இருக்கிற பேச்சைக் கேட்கத்தானே அவரிடம் போனேன்.

மே 20, சனி

சோதனை முடிந்தது. எழுத்தில் கடிதம் ஒன்று எழுதச் சொன்னார்கள்: நண்பர் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு, சந்திக்க வர முடியாததற்கு. ஒரு பக்கம் எழுதினேன். அவ்வளவு நன்றாக வந்தது.

ஜூன் 14, புதன்

உலகக் கிண்ண உதைபந்தாட்டம். ஊரெல்லாம் கொடி. இன்றிரவு டோர்ட்மண்டிலேயே ஆட்டம், ட்ராமில் கால் வைக்க இடமில்லை. ரொஸ்னாவும் நானும் நடந்தே வந்தோம். கூட்டத்தைக் கண்டதும் அவளுக்குப் பழைய பனிநாள் ஞாபகம் வந்துவிட்டது. '96 என்று நினைக்கிறேன், ட்ராம் எல்லாம் நின்று, எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் வேலைக்கு வந்து சேரவில்லை. ஹேர் க்றோல் தொலைபேசியில் அழாக்குறையாய், "என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டார். எண்பத்தாறு பேருக்கும் சோறும் கோழிக்கறியும் வைத்துக் கொடுத்தோம்! ரொஸ்னா தேங்காய்ப்பால் விட்டாள், நான் மிளகாய்த்தூளைக் குறைத்துப் போட்டேன். ஒரு கிண்ணமும் மிச்சமாகத் திரும்பி வரவில்லை. ஒரு முதியவர் சமையலறைக் கதவுவரை சக்கர நாற்காலியில் வந்து இரண்டு பேருடைய கையிலும் முத்தம் தந்தார். அன்றைக்கு யார் எங்களிடம் சான்றிதழ் கேட்டது?

அவள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். நானும் சிரித்தேன். எங்களுடைய நல்ல நாட்களை அவள் சொல்லச் சொல்ல, அவை என்னுடையவை இல்லைப்போல இருந்தது. அந்தச் சமையலறையில் நின்ற சிசிலி வேறு ஆள். அவள் மேல் எனக்குப் பொறாமை.

ஜூன் 27, செவ்வாய்

நான் சோதனையில் சித்தி. ரொஸ்னா இல்லை. பேச்சில் நல்ல புள்ளி. எழுத்தில் போய்விட்டது.

நடாலி எனக்குப் பூங்கொத்து வாங்கி வந்தாள். "அம்மா, நான் சரியான பெருமைப்படுறன்" என்றாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ஜூலை 5, புதன்

நேற்று ஜேர்மனி தோற்றுவிட்டது. காலை ட்ராமில் ஒருவரும் பேசவில்லை. கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

பத்தரைக்கு ரொஸ்னா சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை. கையில் ஒரு கடிதம். "நேற்றுத் தபாலில வந்தது. சிசி, வாசி."

வேலை நீக்கம். செப்டெம்பர் முடிவோடு.

உறை பிரித்திருந்தது. தானே வாசிக்கப் பார்த்திருக்கிறாள். சில சொற்களின் கீழே பென்சிலால் கோடு. பாவி, படித்திருக்கிறாள், இரவிரவாகப் படித்திருக்கிறாள். நான் வாசித்தேன். ஒரு சொல்லும் விடவில்லை. சான்றிதழ் சமர்ப்பிக்கப்படவில்லை. ஏப்ரல் 16 சம்பவம். பிறகு அந்த வரி வந்தது. மொழி போதாமையால் அட்டையை விளங்கிக்கொள்ளவில்லை என்றும் தவறு தன்னுடையது என்றும் நீங்களே கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டபடி...

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே" என்றாள். "நான் எங்க அப்பிடிச் சொன்னனான்?"

"அந்தக் கடதாசியில இருந்தது. மூண்டாம் பந்தி. நான் உனக்கு வாசிக்கேல்லை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. டொச் விளங்காததால் இல்லை.

"புடிங்கும் நான்தான்" என்றேன். "நீ பாலெடுக்கப் போன நேரம். ஒற்றைக் கரண்டியா இருந்தது. அதால வைச்சனான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கடிதத்தை வாங்கி, மடிப்பு மடிப்பாய் மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள். பிறகு வரிசைக்குப் போய்த் தட்டு அடுக்கத் தொடங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பதினாலு வருஷம் அவள் என்னை நம்பி ஒவ்வொரு கடதாசியையும் தந்தவள். வேற ஆரிட்டயும் குடுக்கேல்லை. எனக்கு ஒரு கதிரைக்காக...

ஜூலை 6, வியாழன்

ஃபிறாவ் பேன்கெயிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

தொழிலாளர் பேரவையிலிருந்து ஒரு பெண்ணும் கூட இருந்தாள், நான்தான் கேட்டுக் கூட்டிப் போனேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாக டொச் பேசியதில்லை. புடிங்கை நான் வைத்தது, அட்டையைப் பார்க்காதது, ரொஸ்னாவிடம் கையெழுத்து வாங்கும்போது மூன்றாம் பந்தியை மறைத்தது. எல்லாம். பிழையாகப் பேசினேனா, சரியாகப் பேசினேனா தெரியாது. ஒருவரும் திருத்தவில்லை.

பேரவைப் பெண் கேட்டாள்: "அப்ப சான்றிதழ் வைச்சிருக்கிற ஆள்தான் பிழை விட்டது. சான்றிதழ் இல்லாத ஆள் சரியாகத்தான் செய்தவ. இந்தச் சான்றிதழ் எதுக்கு?"

ஃபிறாவ் பேன்கெ பேனையை மூடி வைத்தாள். வெளியே வரும்போது என்னிடம் மெதுவாக, "நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ஓம். சொல்லியிருக்கலாம்.

ஜூலை 19, புதன்

ரொஸ்னாவின் வேலை நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. அறிவித்தல் பலகையிலும் புதுக் கடதாசி: சான்றிதழ் இனிப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும். புதிதாகச் சேர்கிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எங்களைப் போல ஒருவர் இனி அந்தக் கதவால் உள்ளே வரமாட்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம். கதிரை வேறு ஆளுக்கு, வயதில் சின்னப் பெண், கால் வீங்காது. லோறன்ஸ் சுடுதண்ணீர் வாளி கொண்டுவந்து வைத்தார்.

ஃபிறாவ் பேன்கெ கழுவுதொட்டிக்குக் கீழே குனிந்து அந்தப் பெட்டியை இழுத்து எடுத்தாள். ரொஸ்னாவைக் கூப்பிட்டு, "எந்த நிறம் எதுக்கு?" என்று கேட்டாள். ரொஸ்னா ஒவ்வொன்றாய்க் காட்டினாள். இனி அட்டையும் இருக்கும், கிளிப்பும் இருக்கும். நான் தூரத்தில் நின்று கோப்பை துடைத்தேன்.

ரொஸ்னா என்னோடு பேசுவதில்லை. கடிதங்களைப் பேரவைப் பெண்ணிடம் கொண்டுபோகிறாள்.

ஜூலை 26, புதன்

புதன் சாப்பாட்டை அவள் நிறுத்தவில்லை. எல்லோருக்கும் போல எனக்கும் சோறு போட்டாள். மற்றவர்களுக்கு இரண்டு கரண்டி. எனக்கு ஒன்று.

தெரியாமல் இல்லை. நான்தானே விரலைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தவள்.

ஓகஸ்ட் 9, புதன்

ஒன்று.

செப்டெம்பர் 13, புதன்

ஒன்று. நடாலியிடம் சொன்னேன். "அப்ப நீங்கள் ஏன் அதைச் சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டாள். ஏனா? அவள் வைக்கிறாளே. ஒன்றும் வைக்காமல் விட்டிருக்கலாமே.

ஒக்டோபர் 20, வெள்ளி

என் நாள். இடியப்பமும் சொதியும். அவளுக்கு இரண்டு தரம் பரிமாறினேன். எடுத்துக்கொண்டாள். வழக்கமாய்ச் சொல்கிற "உறைப்புக் காணாது" என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

ஃபிறாவ் லம்பேர்ட் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து, தனக்கு இப்போது எல்லாம் அளந்து அளந்துதான் வருகிறது என்று முறையிட்டா. ரொஸ்னா சிரித்துவிட்டாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். எங்கள் கண்கள் சந்தித்தன, அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

நவம்பர் 15, புதன்

காலை அறிவித்தல் பலகையில் புதுக் கடதாசி. ரொஸ்னா அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், ஜனவரியில் நின்ற மாதிரியே. நான் பின்னால் போய் நின்றேன். கூப்பிடுவாள் என்று நினைத்தேன் என்றால் பொய் சொல்கிறேன், ஆனாலும் நின்றேன். அவள் தானே வாசித்தாள். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, விரலை வைத்து. நத்தார், கிறிஸ்மஸ் விருந்து டிசம்பர் பதினைந்து, வீட்டில் செய்த உணவு வரவேற்கப்படும். நடுவில் ஒரு நீளச் சொல்லில் தடக்கினாள். நான் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். அவள் திரும்பத் தொடங்கி அதைக் கடந்தாள். கடைசி வரியும் விடவில்லை, யார் கையெழுத்து என்பதுவரை வாசித்தாள். இனி அவளுக்கு நான் தேவையில்லை. நல்லதுதான். நெஞ்சு நொந்தது.

பத்தரைக்குத் தேங்காய்ப்பால் சோறும் சம்பலும். எல்லோருக்கும் போட்டாள், எனக்கு ஒன்று. நான் குனிந்து சாப்பிடத் தொடங்கினேன். அவள் மேசையைச் சுற்றிப் போய்ப் பானையை வைத்தாள். பிறகு பானையைத் திரும்ப எடுக்கிற சத்தம் கேட்டது.

கரண்டி என் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே வந்து நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது. சின்னக் கரண்டிதான், அரைவாசிகூட இல்லை.

நான் நிமிரவில்லை. சம்பல் சரியான உறைப்பு. ஒரு சோறு விடாமல் சாப்பிட்டேன்.